கூரைமேல் தாழ்ந்த கம்பி: மூங்கிலை எடுக்காதீர்கள்!

மே மாதம் பிறந்துவிட்டால் தாராவியில் கூரை வேலை தொடங்கிவிடும். ஜூன் மழைக்கு முன்னால் துருப்பிடித்த பத்ராவை மாற்ற வேண்டும். ஓட்டையை அடைக்க வேண்டும். அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்ட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கூரைமேல் ஏறுவார்கள். கீழே நின்று மனைவியோ தம்பியோ கயிற்றையும் ஆணியையும் எடுத்துக் கொடுப்பார்கள்.

அப்போதுதான் கம்பி கண்ணில் படும். போன வருடம் கை எட்டாத உயரத்தில் போனது, இந்த வருடம் தோளில் இடிக்கும்.

"என்ன அண்ணாச்சி, வயர் இவ்வளவு கீழே வந்துட்டுது?" என்று பக்கத்துக் கூரையில் இருக்கும் இளைஞர் கேட்பார்.

"ஏல, அந்த மூங்கிலை இங்கே கொடு. தூக்கிக் கட்டிருவோம்" என்று பதில் வரும்.

இது தாராவியில் மட்டும் நடப்பதன்று. செம்பூர், வாசிநாக்கா, சீத்தா கேம்ப் என்று தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகள் எல்லாவற்றிலும் மழைக்கு முன் காணும் காட்சிதான். தூக்கிக் கட்டியவர் இறங்கி வந்து டீ குடித்துவிட்டால் அது கைவேலை. இறங்கி வராவிட்டால் அது செய்தி.

மின்சாரத்தால் நம் நாட்டில் ஆண்டுதோறும் 10 ஆயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளிலிருந்து தெரிகிறது. அந்த வரிசையில் நம் வீட்டார் சேராதிருக்க வேண்டுமானால், தாழ்ந்த கம்பியைப் பற்றிச் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பி தாழ்ந்ததா, வீடு உயர்ந்ததா?

"கம்பி கீழே வந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறோம். பல இடங்களில் கம்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீடுதான் உயர்ந்துவிட்டது.

குடிசைப் பகுதி வீடுகளுக்கு மும்பை மாநகராட்சி வைத்திருக்கும் உயர வரம்பு 14 அடி. குடும்பம் பெருகுகிறது. ஊரிலிருந்து மைத்துனர் வருகிறார். கோலியின்மேல் ஒரு மாலா எழுகிறது. அதை வாடகைக்கு விட்டால் மாதம் ஒரு தொகை கிடைக்கிறது. அதற்கும் மேலே இன்னொன்று எழுகிறது. வெளிப்புறத்தில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. பழைய கூரைக்கு மேலே தாராளமாகப் போன வயர் புதிய மாலாவின் ஜன்னலை உரசிக்கொண்டு போகிறது. தெருவும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு முறை கான்கிரீட் போடும்போதும் அது சில அங்குலம் உயர்கிறது.

இதன் விளைவை நம் ஊரிலேயே கண்டோம். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் வீதி உலா வந்தது. திருப்பத்தில் தேரைத் திருப்பியபோது அதன் உச்சி உயர் அழுத்தக் கம்பியில் பட்டது. குழந்தைகள் உள்பட 11 பேர் இறந்தார்கள். அந்தச் சாலை அண்மையில் உயர்த்தப்பட்டிருந்தது என்பது அப்போது பேசப்பட்டது. ஆண்டாண்டாக வந்த தேர்தான். கம்பிக்கும் தேருக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் பழையபடி இல்லை.

2025 மார்ச் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலைக்காக ஓர் இரும்பு ஏணியை நகர்த்திக்கொண்டு போனார்கள். ஏணியின் தலை மின்கம்பியில் பட்டது. ஏணியைப் பிடித்திருந்த 4 பேர் அங்கேயே இறந்தார்கள். அவர்கள் யாரும் கம்பியைத் தொடவில்லை. ஏணியைத்தான் தொட்டிருந்தார்கள்.

தாராவியில் எத்தனை வீடுகளுக்கு இரும்பு ஏணி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்தச் செய்தியின் கனம் தெரியும்.

கம்பி ஏன் தொய்கிறது?

கம்பி ஓரளவு தொய்ந்துதான் இருக்கும். வீணைத் தந்திபோல் விறைப்பாகக் கட்டினால் குளிரில் சுருங்கும்போது அறுந்துவிடும். ஆகவே கொஞ்சம் தளர்த்தியே கட்டுவார்கள். வெயிலிலும், அதிகக் கரண்ட் ஓடும்போதும் அது சூடாகி நீளும். 30 மீட்டர் நீளமுள்ள அலுமினியக் கம்பி 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் நீளுவது 2 சென்டிமீட்டர்தான். ஆனால் அந்த 2 சென்டிமீட்டருக்கு நடுக்கம்பி ஒரு சாணுக்கு மேல் கீழே இறங்கிவிடும்.

கோலிகளுக்குச் செல்லும் வயரின் கதை வேறு. உறை போட்ட அந்த வயர் தன் எடையைத் தானே தாங்கக் கூடாது. அதன்கூடவே ஒரு இரும்புத் தாங்கு கம்பி போக வேண்டும். வயரை அதில் வளையம் போட்டுத் தொங்கவிட வேண்டும். தாங்கு கம்பிக்கு எர்த் கொடுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு அருகில் போதிய இடைவெளி இல்லாத இடங்களில் இப்படித்தான் கட்ட வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லியிருந்தன. மும்பையின் கடற்காற்றில் தாங்கு கம்பி துருப்பிடித்து அறுந்துவிடுகிறது. அதன்பிறகு வயரே எடையைச் சுமக்கிறது. அதன்மேல் கேபிள் டி.வி. வயர், இன்டர்நெட் வயர் எல்லாம் ஏறிக்கொள்கின்றன. மாலாவில் புதிதாக ஏ.சி.யோ கிரைண்டரோ வந்தால் சூடும் கூடுகிறது. கம்பி தொய்கிறது.

வெயிலிலும் மழையிலும் பல வருடம் கிடந்த உறை வெடிக்கும். பத்ராவின் விளிம்பில் உரசும் இடத்தில் தேயும். வெளியில் பார்த்தால் கறுப்பாக முழுசாகத் தெரியும். உள்ளே செம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மூங்கிலை வைத்துத் தூக்கும்போது அந்த இடம்தான் பிளக்கும். நடுவில் டேப் சுற்றிய ஜாயிண்ட் இருந்தால் அது கழன்று பத்ராமேல் விழும். அடுத்தடுத்த வீடுகளுக்குத் தகரச் சுவர் ஒட்டிக்கொண்டிருந்தால், ஒரு வீட்டில் விழுந்த கரண்ட் அந்த வரிசைக்கே பாயும்.

மூங்கில் மரம்தானே, கரண்ட் ஏறாது என்பார்கள். நன்றாகக் காய்ந்த மரத்துக்கு அது ஓரளவு பொருந்தும். மழையில் நனைந்த மூங்கிலில் மின்சாரம் ஏறும். உயர் அழுத்தக் கம்பியின் முன்னால் காய்ந்த மூங்கிலையும் நம்ப முடியாது.

15 வாட் பல்பு போதும்

"ஷாக் அடித்தால் ஃபியூஸ் போய்விடும், பயமில்லை" என்று நினைப்பவர்கள் உண்டு. இது தவறு. ஃபியூஸ் வயரைக் காப்பாற்ற வைத்தது. பல ஆம்பியர் ஓடினால்தான் அது உருகும். மனித உடலுக்கு அவ்வளவு தேவையில்லை. சுமார் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் கை இறுகிக்கொண்டு விடாது. 50 மில்லி ஆம்பியருக்கு மேல் மார்பு வழியாகப் பாய்ந்தால் இதயம் தாளம் தவறி நின்றுவிடலாம். ஒரு 15 வாட் சிறு பல்பு எரிய எடுத்துக்கொள்வது இதைவிடச் சற்றுக் கூடுதல். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டுக்கு உயிரைக் குடிக்க இதுவே ஏராளம்.

இதிலிருந்து காப்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. எலெக்ட்ரிகல் கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். இதை எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். கோலிக்குள் போட்டால் கோலிக்குள் இருப்பதற்குத்தான் காவல். மீட்டரை ஒட்டிப் போட்டால், மீட்டரிலிருந்து கல்லி வழியாக வீட்டுக்கு வரும் வயருக்கும் காவல்.

மெயினை அணைத்தால் போதுமா?

பலரும் ஏமாறும் இடம் இது. கூரையில் ஏறுமுன் "மெயினை ஆஃப் பண்ணிட்டேன்" என்று வீட்டிலிருந்து குரல் வரும். வீட்டு மெயின் துண்டிப்பது வீட்டின் உள்வயரை மட்டும். வெளியே கூரைமேல் போகும் வயரில் கரண்ட் அப்படியே இருக்கும்.

மீட்டர் அறையில் தன் மீட்டரின் பக்கத்தில் உள்ள சுவிட்சை அணைத்தால், அங்கிருந்து தன் வீட்டுக்கு வரும் வயர் அடங்கும். ஆனால் கூரைமேல் போவது தன் வயர் மட்டும்தானா? ஒரே கட்டாகப் பத்து வீட்டு வயர்கள் போகும்போது எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? மீட்டருக்கு முன்னால் வரும் லைனையோ, மின் நிறுவனத்தார் வந்து துண்டிக்காதவரை யாராலும் அடக்க முடியாது.

கேபிள் டி.வி. வயர்தானே என்று பிடித்து இழுப்பதும் ஆபத்து. அந்த வயர் எங்கோ ஓரிடத்தில் கரண்ட் வயரோடு உரசிக்கொண்டிருந்தால் அதுவும் கரண்ட் வயர்தான். தொங்கும் வயர் எதுவானாலும் உயிருள்ளது என்றே கருத வேண்டும்.

ரயில்வேயில் இதுவே சட்டம். தண்டவாளத்தின்மேல் போகும் மின்கம்பியில் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். எழுத்தில் அனுமதி வாங்குவார்கள். கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் செய்வார்கள். அதற்குப் பிறகுதான் பயிற்சி பெற்ற தொழிலாளி கை வைப்பார். பல வருடம் அதே வேலையில் இருப்பவரே இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைக் கூரை வேலைக்காரர் மூங்கிலோடு போவது என்ன நியாயம்?

இது யாருடைய கம்பி?

தொங்கும் கம்பியைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்று தெரியாததால்தான் பலர் தாமே கை வைக்கிறார்கள். இதற்கு மும்பையில் விடை இடத்துக்கு இடம் மாறும்.

தாராவியும் மாட்டுங்காவும் பெஸ்ட் நிறுவனத்தின் எல்லை. 1905-இல் தனியார் கம்பெனியாகப் பதிவான இது, 1947 ஆகஸ்ட் 7 அன்று மாநகராட்சியின் கைக்கு வந்தது. நகர்ப் பகுதியில் பெஸ்ட்டின் மின்சாரம் பெரும்பாலும் நிலத்தடிக் கேபிளில்தான் வருகிறது. ஆகவே தாராவியில் தலைக்கு மேல் தொங்குபவை பெரும்பாலும் மீட்டர் பெட்டியிலிருந்து கோலிகளுக்குப் போகும் வயர்கள்.

செம்பூர் பக்கம் வேறு நிறுவனம். 1929-இல் தொடங்கிய பி.எஸ்.இ.எஸ். பின்னர் ரிலையன்ஸ் வசம் போய், 2018 முதல் அதானி எலெக்ட்ரிசிடியாக நடக்கிறது. டாட்டா பவர் வாடிக்கையாளர்களும் அங்கே உண்டு. டாட்டா பில் வருகிறவர் வீட்டுக்கும் அதானியின் வயர் வழியாக மின்சாரம் வரலாம். ஆகவே பில்லையும் மீட்டரையும் இரண்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. பாண்டுப், முலுண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு மகாவிதரண் எனப்படும் மாநில மின் விநியோக நிறுவனம்.

நிறுவனம் எதுவானாலும் பொது விதி ஒன்று. மீட்டர்வரை உள்ள லைன் நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பிறகு வீடுவரை உள்ள வயர் வீட்டுக்காரரின் பொறுப்பு. முதல் வகையானால் நிறுவனத்துக்குப் புகார். இரண்டாம் வகையானால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து, மீட்டரில் துண்டித்த பிறகு, தாங்கு கம்பியோடு புதிய வயர் போட வேண்டும். எது என்று சந்தேகமானால் நிறுவனத்துக்கே முதலில் சொல்லிவிடுவது உத்தமம். எந்த வகையானாலும் மூங்கிலுக்கு வேலை இல்லை.

நிறுவனத்தின் கம்பி எவ்வளவு உயரத்தில் போக வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. வீடுகளுக்கு வரும் குறைந்த அழுத்தக் கம்பி, கூரையின் உச்சிக்கு மேல் 2.5 மீட்டராவது, அதாவது சுமார் 8 அடி, விலகியிருக்க வேண்டும். பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது சுமார் 4 அடி. தெருவைக் குறுக்கே கடக்கும் இடத்தில் 5.8 மீட்டர், அதாவது சுமார் 19 அடி. 1956-இல் வகுத்த இந்த அளவுகளை மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் எடுத்துக்கொண்டன.

மாலா எழுப்புகிறவர் வேலை தொடங்குமுன் இந்த அளவை ஒருமுறை கண்ணால் அளந்து பார்த்தால் போதும். கம்பி இருக்கும் பக்கம் கட்டுவதானால் முதலில் நிறுவனத்துக்கு எழுதிக் கம்பியை நகர்த்திக் கேட்க வேண்டும். கட்டி முடித்துவிட்டுக் கேட்பது கழுத்தில் சுருக்கு விழுந்த பிறகு கயிற்றின் நீளம் கேட்பது போலாகும்.

கண்டதும் செய்ய வேண்டியவை

கம்பி தாழ்ந்திருப்பதைக் கண்டால் முதல் வேலை கூரையைவிட்டு இறங்குவது. கம்பிக்கு 10 அடிக்குள் யாரும் போகக் கூடாது. ஏணி, குழாய், பத்ரா, இரும்புக் கம்பி எதையும் அந்தப் பக்கம் தூக்கக் கூடாது.

குழந்தைகளைக் கீழே அழைத்துவிட வேண்டும். சங்கராந்திக் காலத்தில் கம்பியில் சிக்கிய காற்றாடியைக் கம்பால் எடுக்கும் வழக்கம் நம் பிள்ளைகளிடமும் உண்டு. பொங்கலும் அதே நாளில் வருகிறது. பானை பொங்கும் நேரத்தில் பையன் எங்கே இருக்கிறான் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின் கம்பத்திலிருந்து வீட்டுக்குத் துணிக்கொடி கட்டக் கூடாது. இரும்புக் கம்பியில் கொடி கட்டியவர்கள் அதை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்ட வேண்டும். ஈரத்துணியைக் கொடியில் போடும் பெண்கள்தான் இதில் முதலில் அகப்படுகிறவர்கள்.

தகரச் சுவரையோ குழாயையோ தொடும்போது சுர்ரென்று இருந்தால், "மழைக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்று விடக் கூடாது. எங்கோ உறை தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் முதல் தந்தி. கம்பியில் பொறி பறந்தாலும், கம்பம் சாய்ந்திருந்தாலும், கிளை முறிந்து கம்பியில் கிடந்தாலும் காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

புகாரை எப்படிச் சொல்வது?

மின்கட்டண பில்லில் பழுது தெரிவிக்கும் எண் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் பின்புறம் ஒட்டி வைக்கலாம். அதானி வாடிக்கையாளர்களுக்கு 19122. மழை, மரம் விழுதல் போன்ற ஆபத்துக்கு மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறையின் 1916 இரவு பகலாக இயங்குகிறது. தீயணைப்புப் படைக்கு 101.

பேசுமுன் பில்லைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் எண், கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ எழுதியிருக்கும் எண், அருகில் உள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயர் ஆகிய மூன்றையும் சொன்னால் ஆள் வழி தேட வேண்டியதில்லை.

புதிதாக ஊரிலிருந்து வந்தவர்களுக்கு மொழி தடையாகும். இந்தியில், "பிஜ்லீ கா தார் நீச்சே லட்க் ரஹா ஹை, கரண்ட் சாலூ ஹை" என்று சொன்னால் போதும். மராத்தியில், "விஜேச்சி தார் காலி ஆலி ஆஹே." வீட்டில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஆபத்து வரும் நேரத்தில் ஆண்கள் பெரும்பாலும் வேலையில் இருப்பார்கள்.

பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு, தேதியோடும் நேரத்தோடும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாளும் யாரும் வராவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைக்க வேண்டும். அதற்கும் பலன் இல்லையென்றால் 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம் உண்டு. அதற்கு மேல் மின்சாரக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

வாடகைக்காரரின் அச்சம்

இவ்வளவும் தெரிந்திருந்தும் வாய் திறக்காதவர்கள் உண்டு. மாலாவில் வாடகைக்கு இருப்பவருக்குத் தன் பெயரில் மீட்டர் கிடையாது. கீழ்வீட்டு மீட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்திருப்பார்கள். புகார் செய்தால் சேட் கோபித்துக்கொள்வாரோ, மாலாவை அளக்க ஆள் வந்துவிடுமோ என்று அஞ்சி, தலைமாட்டில் தொங்கும் வயரைப் பார்த்தபடியே தூங்குகிறார்கள்.

இந்த அச்சம் பொய்யானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் இதற்கு ஒரு வழி உண்டு. தனி ஆளாகப் போகாமல், கல்லி முழுவதும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பது. ஒரு வீட்டு வயராக அல்லாமல் கல்லியின் வயராகச் சொல்வது. ஊர்ச் சங்கங்கள், கோயில் கமிட்டிகள், மாதர் குழுக்கள் எத்தனையோ இருக்கின்றன. திருவிழாவுக்கு வரி வசூலிக்கும் கை இந்த மனுவுக்குக் கையெழுத்தும் வாங்கலாம். அப்படியே, கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பவர் கல்லியில் இருந்தால் அவருக்கும் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அவர் மிச்சம் பிடிக்கும் காசுக்கு, வயரின் சூட்டைக் கல்லி முழுவதும் சுமக்கிறது.

வீட்டுச் சொந்தக்காரர்களும் ஒன்றை எண்ண வேண்டும். மாத வாடகை வாங்குகிறவருக்கு வயரைச் சரியாக வைக்கும் கடமையும் உண்டு. ஒரு புதிய வயரின் செலவு, நடக்கக் கூடாதது நடந்த பிறகு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

கம்பி அறுந்து விழுந்தால்

2025 ஆகஸ்ட் 19 அன்று பாண்டுப்பில் எல்.பி.எஸ். சாலையில் தேங்கிய மழைநீரில் நடந்து சென்ற 17 வயது இளைஞர் மின்சாரம் பாய்ந்து இறந்தார். காதில் ஹெட்போன் இருந்ததால் மற்றவர்கள் எச்சரித்தது கேட்கவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. மழைக்காலத்தில் தேங்கிய நீரில் இறங்குமுன் மேலே பார்க்க வேண்டும், காதையும் திறந்து வைத்திருக்க வேண்டும்.

அறுந்த கம்பி கிடந்தால் 30 அடிக்கு அப்பால் நிற்க வேண்டும். அருகிலேயே இருக்க நேர்ந்துவிட்டால் ஓடக் கூடாது. காலை அகற்றி வைத்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே மின்சாரம் பாயும். இரண்டு பாதங்களையும் ஒட்டியபடி, தரையைவிட்டு எடுக்காமல், சிறுகச் சிறுக நகர்ந்து விலக வேண்டும். மற்றவர்கள் அந்தப் பக்கம் வராமல் ஒருவர் தடுத்து நிற்க, இன்னொருவர் போன் செய்ய வேண்டும்.

யாராவது கம்பியில் மாட்டிக்கொண்டால் பெற்ற தாயானாலும் ஓடிப்போய்த் தொடக் கூடாது. தொட்டால் சாவு இரண்டாகும். மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் முதல் வேலை. வீட்டு வயர் என்று உறுதியாகத் தெரிந்து, துண்டிக்கவே வழியில்லை என்றால் மட்டும், காய்ந்த பலகைமேல் நின்று, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ வயரை விலக்கலாம். நனைந்த கம்பு கூடாது. உயர் அழுத்தக் கம்பியானால் இதுவும் கூடாது. நிறுவனத்தார் வந்து துண்டிக்கும்வரை விலகியே நிற்க வேண்டும்.

விடுவித்தபின் மூச்சில்லை என்றால், மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுமார் 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. ஷாக் அடித்தவர் எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். உள்காயமும் இதயத் தாளக் கோளாறும் வெளியே தெரியாது. தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.

தண்டவாளத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கு

தாராவியின் ஒரு பக்கம் மாஹிம் ஸ்டேஷன், மறுபக்கம் சயான் ஸ்டேஷன். தண்டவாளத்தை ஒட்டியே பல குடும்பங்கள் வாழ்கின்றன. 1925 பிப்ரவரி 3 அன்று வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடியபோது மேல்கம்பியில் இருந்தது 1,500 வோல்ட். பழைய ஆட்கள் அந்தக் கம்பிக்குப் பழகியவர்கள். இப்போது அந்தக் கணக்கு செல்லாது. மேற்கு ரயில்வேயில் 2012-இலும், மத்திய ரயில்வேயில் 2015-இலும், செம்பூர் வழியாகப் போகும் ஹார்பர் லைனில் 2016-இலும் மாற்றம் முடிந்தது. இன்று மேலே போவது 25,000 வோல்ட். இதைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். 2 மீட்டருக்குள் எதுவும் போகக் கூடாது. நடைபாலத்திலிருந்து கம்போ, குடையோ, ஈரக் கயிறோ நீட்டக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

விபத்து நடந்துவிட்டால், 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 161-ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும், அவர் விசாரணை நடத்தலாம். 2002-இல் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச மின்சார வாரிய வழக்கில் முக்கியமான ஒரு தீர்ப்பை வழங்கியது. மழை பெய்த இரவில் சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு தொழிலாளி, சாலையில் கிடந்த கம்பியில் மாட்டி இறந்தார். யாரோ கொக்கி போட்டுத் திருடியதால் கம்பி விழுந்தது, எங்கள் தவறில்லை என்று வாரியம் வாதாடியது. ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனம், தன் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறி, அவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை உறுதி செய்தது.

முத்திரையிட்ட புகார் நகல் கையில் இருந்தால் இப்படிப்பட்ட வழக்குக்கு வலு கூடும். கம்பியைத் தானே மூங்கிலால் தூக்கப் போய் ஒருவர் இறந்தால் வழக்கின் வலு குறையும். ஆனால் எந்த இழப்பீடும் இழந்தவரைத் திருப்பித் தராது. சம்பாதிக்க வந்த ஊரிலிருந்து ஊருக்குப் போக வேண்டியது மணியார்டர்தானே தவிர, அந்தச் செய்தி அன்று.

இந்த ஞாயிற்றுக்கிழமையே

பெரிய வேலை எதுவும் இல்லை. கல்லியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நாலு பேர் சேர்ந்து மேலே பார்த்தபடி நடக்க வேண்டும். எந்த வீட்டுக்கு மேல் எது தாழ்ந்திருக்கிறது, எங்கே உறை வெடித்திருக்கிறது, எந்தத் தாங்கு கம்பி அறுந்திருக்கிறது என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். அதையே மனுவாக எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை காலை ஷிப்டு இல்லாத ஒருவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கி வர வேண்டும்.

அடுத்த முறை, "மூங்கிலைக் கொடுலே" என்று கூரையிலிருந்து குரல் வந்தால், கீழே நிற்பவர் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "இறங்கி வாங்க அண்ணாச்சி. போன் பண்ணியாச்சு."